தேதியை மாற்றினால் தரவரிசை ஏறுமா?

ஏறாது. கூகுள் தேடலில் மேலே வருவதற்காக, மூன்று மாதமாக வாரம் தவறாமல் உங்கள் தளத்தின் பழைய பதிவுகளில் ஒரு வரியைத் திருத்தி, தேதியைப் புதுப்பித்தும் பலனில்லை என்கிறீர்கள். அந்த வேலையை இன்றே விட்டுவிடுங்கள். உள்ளே பெரிதாக எதுவும் மாறாமல் தேதியை மட்டும் மாற்றுவது உதவாது என்று கூகுளின் வழிகாட்டியே சொல்கிறது.

புதுமைக்கு மதிப்பு உண்டுதான், ஆனால் தேடலைப் பொறுத்து. தேர்தல் முடிவைத் தேடுபவருக்கு இன்றைய பக்கம் வேண்டும். டை முடிச்சுப் போடத் தேடுபவருக்குப் பத்து வருடப் பழைய பக்கமே போதும். உங்களுடையவை இரண்டாவது ரகம் என்று நினைக்கிறேன்.

ஒன்று செய்து பாருங்கள்:

1. சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவி) செயல்திறன் அறிக்கையைத் திறந்து, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டுங்கள்.
2. சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள தேடல்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. அந்தத் தேடல் ஒவ்வொன்றுக்கும் உங்கள் பக்கத்தில் நேரடியான பதில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அந்தப் பதிலை ஒரு பத்தியாக எழுதிச் சேர்த்துவிடுங்கள். உண்மையான புதுப்பித்தல் அதுதான்.

பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், நடுவில் மறுபடி கைவைக்காதீர்கள். முக்கியமாக, பக்கத்தின் முகவரியை மாற்ற வேண்டாம். மாற்றியே ஆகவேண்டும் என்றால் 301 வழிமாற்று (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் ஏற்பாடு) போடுங்கள், இல்லாவிட்டால் பழைய இணைப்புகளால் கிடைத்த மதிப்பும் போய்விடும்.