தம்பி, அந்த 6,500 யூரோவைக் கட்ட வேண்டாம்

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கலியாணம் கட்டி டோர்ட்முண்டுக்கு வந்து இரண்டு வருடம். பொதி பிரிக்கும் களஞ்சியத்தில் இரவு வேலை. அக்காவின் கலியாணத்துக்கு எடுத்த கடன் ஊரில் வட்டியோடு நிற்கிறது. இப்போது இணையத்தில் ஒரு நிறுவனம் ஆறு மாதத்தில் கோடிங் (கணினிக்கு நிரல் எழுதுவது) படிப்பித்து 'நிதிச் சுதந்திரம்' வாங்கித் தருகிறோம் என்கிறது. கட்டணம் 6,500 யூரோ, மாதத் தவணை. களஞ்சிய வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா, செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இதற்கு இடமிருக்கிறதா, கொஞ்சக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே ஜேர்மன் சம்பளம் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோடிங் படியுங்கள். அந்தக் காசைக் கட்ட வேண்டாம், வேலையையும் இப்போது விட வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு என் கதையைக் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது.

நான் 1994இல் வந்தவன். ஒன்பது வருடம் ஒரே உணவகத்தின் சமையலறையில் நின்றேன். கோப்பை கழுவத் தொடங்கி பீட்சா போடும் வரைக்கும் ஏறினேன். அதற்கு மேல் ஏற அங்கே படி இல்லை. 1999இல் எனக்கும் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இணையத்தளம் செய்யப் படிப்பிக்கும் தனியார் வகுப்பு, சனிக்கிழமைகளில், மொத்தம் 4,800 மார்க், யூரோவுக்கு முந்திய காசு. சீட்டைக் கூடக் கழித்து முந்தி எடுத்து அந்தக் காசைக் கட்டினேன். முடிவில் தங்கக் கரை போட்ட ஒரு சான்றிதழ் தந்தார்கள். அதை வைத்து நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டிலும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: "என்ன அவுஸ்பில்டுங் செய்திருக்கிறீர்கள்?" நான் தங்கக் கரையைக் காட்டினேன். ஒருவர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், பாவம்.

அவுஸ்பில்டுங் என்றால் தொழிற்பயிற்சி, நீங்களும் இந்தச் சொல்லை இதற்குள் கேட்டிருப்பீர்கள். இங்கே முடி வெட்டுபவர், பாண் போடுபவர், பல்வைத்தியரின் உதவியாளர் என்று எல்லோரும் தொழிற்பயிற்சி முடித்துப் பரீட்சை எழுதிய காகிதம் வைத்திருப்பார்கள். பெர்லினில் சின்னச் சின்னப் புது நிறுவனங்கள் காகிதம் பாராமல் ஆள் எடுப்பதுண்டு. எங்கள் பக்கத்துக் காப்புறுதி நிறுவனமும் நகரசபையும் இயந்திரத் தொழிற்சாலையும் அப்படி இல்லை. உங்கள் ஆறு மாத நிறுவனம் தருவதும் என் தங்கக் கரையின் தம்பிதான்.

கோடிங்குக்கான அவுஸ்பில்டுங்கின் பெயர் ஃபாக்இன்ஃபொர்மாட்டிகர். 1997இல் தொடங்கினார்கள். இப்போது அதில் நாலு பிரிவு. உங்களுக்குத் தேவைப்படக்கூடியவை இரண்டு. ஒன்று மென்பொருள் எழுதுபவர்களுக்கு, மற்றது சேர்வர் கணினிகளையும் வலையமைப்பையும் பார்ப்பவர்களுக்கு. வழக்கமாக மூன்று வருடம்: கொஞ்ச நாள் நிறுவனத்தில், கொஞ்ச நாள் தொழிற்பாடசாலையில், மாதாமாதம் சின்னச் சம்பளத்தோடு. வயது வந்தவர்களுக்கு அதே பரீட்சைக்கு இரண்டு வருடத்தில் கொண்டுபோகும் பாதை ஒன்றிருக்கிறது, உம்ஷூலுங். நான் போனது அதில்.

உணவகம் 2003இல் பூட்டியது. அந்த வருடம்தான் பில்டுங்ஸ்குட்ஷைன் என்ற பயிற்சி உறுதிச்சீட்டு நடைமுறைக்கு வந்திருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருப்பவர் சம்மதித்தால் படிப்புச் செலவை அரசு கட்டும். நான் போய்க் கேட்டேன். அந்த அம்மா என்னோடு பத்து நிமிடம் கதைத்துவிட்டு, "உங்கள் டொச் போதாது, ஜேர்மன் மொழியைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் முறையும் அதேதான். அன்றைக்கு அவரை மனதுக்குள் திட்டாத திட்டில்லை. ஆனால் ஒன்பது வருடமாக நான் சமையலறைக்குள் கதைத்தது தமிழும் கொஞ்சம் இத்தாலியனும். டொச்சில் எனக்கு நன்றாக வந்த சொற்கள் எல்லாம் மரக்கறிகளின் பெயர்கள். அரை வருடம் மொழி மட்டும் படித்தேன். மூன்றாம் முறை போனபோது கையெழுத்துப் போட்டார்.

2004இல் வகுப்பு தொடங்கியது. பக்கத்து மேசையில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். இந்த ரூர் பகுதியில் உம்ஷூலுங் ஒன்றும் வெட்கப்படுகிற விஷயமில்லை. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடி, கடைசியாக 2018 டிசம்பரில் பொட்ரொப்பில் இருந்ததும் மூடியது. வேலை மாறிய அப்பாக்களும் மாமாக்களும் இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அந்த மனிதர் எனக்கு வாக்கியம் திருத்தித் தருவார், நான் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். நீங்கள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு என்று எழுதியிருந்தீர்கள். நல்லது, அது உதவும். ஆனால் அடிவாங்கும் இடம் கணக்கு இல்லை.

எனக்கு அடி விழுந்தது பயிற்சி வேலையில். ஒரு நிறுவனத்தின் பட்டியல்களை வாசித்துத் தொகை கூட்டும் நிரல் எழுதச் சொன்னார்கள். இரண்டு நாளில் எழுதினேன், ஓடியது, பெருமையாகக் கொடுத்தேன். கூட்டுத்தொகை சிரிப்புக்கிடமாகக் குறைந்துபோய் வந்தது. இங்கே ஆயிரத்துக்குப் புள்ளி போடுவார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி. 1.250 என்பது இவர்களுக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது. என் நிரலுக்கு அது ஒன்றேகால். கடையில் விலைச்சீட்டுப் பார்த்துப் பத்து வருடம் வாழ்ந்தவன் நான், நிரல் எழுதும்போது அது தலையில் வரவில்லை. இன்னொரு தரம் 'ஹால்ப் அஹ்ட்' என்று சொன்னதை எட்டரை என்று நினைத்து ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன், அது ஏழரை. நிரல் மொழியை யாரும் வீட்டிலிருந்து படிக்கலாம். அந்த நிரல் யாருக்காக ஓடுகிறதோ அவர்களின் கணக்குப் பழக்கமும் பேச்சும்தான் எனக்கு வருடக்கணக்கில் எடுத்தன.

முடிவில் ஈஹாகா பரீட்சை. வணிக, கைத்தொழில் சம்மேளனத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எழுத்துப் பரீட்சையோடு சொந்தமாக ஒரு செயற்திட்டம் செய்து, அறிக்கை எழுதி, குழுவின் முன் கால் மணித்தியாலம் விளக்க வேண்டும், பிறகு கேள்விகள். இப்போதும் அப்படித்தான். நான் தப்பித்தேன் என்று சொல்லலாம், நன்றாகச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இனிக் காசுக்கு வருவோம். 2006இல் முதல் சம்பளம் 2,200 யூரோ, கையில் வந்தது 1,400 சொச்சம். சமையலறையில் பதிவில்லாமல் கையில் தருவதையும் சேர்த்து எடுத்ததைவிட நூறு யூரோதான் கூட. அந்த மாதம் ஊருக்கு அனுப்பியபோது அம்மா, "படிச்சும் இவ்வளவுதானா?" என்று கேட்டார். உங்கள் நிலையையும் பாருங்கள். 2026இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90, நாற்பது மணி வாரத்துக்கு, வரிக்கு முன், மாதம் 2,400 அளவில். இரவு வேலைக்குத் தரும் மேலதிகத்துக்கு, அடிப்படைக் கூலியின் 25 வீதம் வரை, பொதுவாக வரி இல்லை. எங்கள் இடத்தில் இப்போது பயிற்சி முடித்து வருபவருக்கு 3,100 போலக் கொடுக்கிறார்கள், வரி கழித்தால் 2,100 சுற்று. இரவு மேலதிகத்தை நீங்கள் இழப்பதையும் சேர்த்துப் பார்த்தால் முதல் வருடத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஐந்தாறு வருட அனுபவத்துக்குப் பிறகுதான் இடைவெளி பெரிதாகும். கடனை ஒரே அடியில் தீர்க்கும் தொழிலாக இதை நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

அப்படியானால் எனக்கு என்னதான் கிடைத்தது? மாலையும் சனி ஞாயிறும் கிடைத்தன. உழைத்த ஒவ்வொரு மணித்தியாலமும் பதிவில் ஏறியது. ஓய்வூதிய அலுவலகம் வருடத்துக்கொரு தரம் கடிதம் அனுப்பும். அதில் என் ஒன்பது சமையலறை வருடங்களும் இருந்தும் இல்லாத மாதிரித்தான், பாதிக்கு மேல் கையில் வாங்கிய காசு. வேலை கொடுப்பவருக்கு மட்டும்தான் அது இலாபம் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் அப்படிப் பக்க வேலை யாராவது காட்டுவார்கள், போகாதீர்கள். உங்களைப் போல எனக்கும் கடன் இருந்தது, அது முழுதாகத் தீர 2011 ஆனது. அதுவும் சம்பளம் கூடியதால் மட்டும் தீரவில்லை. இரண்டு சீட்டை நிறுத்தினேன், ஊரில் ஒரு மேல்மாடி கட்டும் திட்டத்தை வேண்டாம் என்றேன். அதற்காக மாமா ஒருவர் இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எங்கள் குழுவில் வேலை மாறிவிட்டது. படிவத்தில் ஒரு புதுப் பெட்டி சேர்ப்பது, பழைய நிரலுக்குச் சோதனை எழுதுவது மாதிரியான சின்ன வேலைகளைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். இப்போது அவற்றில் நிறைய இயந்திரம் செய்கிறது, நாங்கள் சரிபார்க்கிறோம். ஆறு மாத வகுப்பில் படிப்பிப்பது பெரும்பாலும் அதே சின்ன வேலைகளைத்தான். மிச்சமிருப்பது, காப்புறுதிப் பகுதியில் இருக்கும் அம்மா தொலைபேசியில் புலம்புவதைக் கேட்டு, அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று பிடிப்பது. இயந்திரம் எழுதியது எங்கே பிழைக்கும் என்று தெரிந்திருப்பது. முன்னதற்கு டொச் வேண்டும், பின்னதற்கு வருடங்கள் வேண்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் சேர்வர், வலையமைப்புப் பிரிவையும் யோசிப்பேன். கம்பி இழுக்கவும் பழுதான பெட்டியை மாற்றவும் ஆள் நேரில் போகத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வேப்பமரத்தின் கீழ் இருந்து வேலை செய்வது அழகான கனவு, எனக்கும் இருந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் ஜேர்மனிக்கு வெளியே இருந்தால் பொதுவாக உங்கள் வதிவிட அனுமதி செல்லாமல் போகும். நிறுவனமும் இரண்டு நாட்டு வரிச் சிக்கலுக்குப் பயந்து சம்மதிக்காது. குடியுரிமை எடுத்த பிறகு பார்க்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. லீவு நாட்களில் ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையத்தளத்திலோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பாடத்திலோ தொடங்குங்கள், இரண்டும் இலவசம். மூன்று மாதம் பைதான் என்ற நிரல் மொழியில் எழுதிப் பாருங்கள். இரவு வேலை முடித்து வந்து, ஒரு பிழையைத் தேடி இரண்டு மணித்தியாலம் இருக்க உங்களால் முடிகிறதா என்று அதில் தெரியும். பிடிக்கவில்லை என்றால் செலவு ஒன்றுமில்லை. அதே நேரம் டொச்சை பி2 வரை (ஆறு மொழி நிலைகளில் நாலாவது) கொண்டுபோங்கள், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மனைவி மருத்துவமனையில் வேலை செய்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது அவரோடு டொச்சிலேயே கதையுங்கள். முதல் கிழமை இருவருக்கும் சிரிப்பு வரும், பிறகு சண்டை வரும், பிறகு வசனம் வரும்.

அதன் பிறகு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நேரம் கேட்டுப் போய், உம்ஷூலுங் செய்ய விருப்பம் என்று சொல்லுங்கள். போவதற்கு முன் வேலையை விட வேண்டாம். தகுந்த காரணமில்லாமல் நீங்களாக விட்டால் வேலையில்லாப் பணத்தைப் பன்னிரண்டு கிழமை வரை மறிப்பார்கள். உறுதிச்சீட்டு பொதுவாக உரிமை இல்லை, அவர்களின் தீர்மானம். ஆனால் தொழிற்சான்றிதழ் இல்லாத ஆள் என்பது அந்த மேசையில் உங்களுக்குச் சாதகம். கிடைத்தால் படிப்புக் காலத்திலும் முந்தைய நிகரச் சம்பளத்தில் 60 வீதம் வரும், பிள்ளை இருந்தால் 67. 2023 ஜூலையிலிருந்து, தொழிற்சான்றிதழுக்குப் படிப்பவர்களுக்கு அதற்கு மேல் மாதம் 150 யூரோவும் உண்டு. இடைப்பரீட்சையில் தேறினால் 1,000, இறுதியில் தேறினால் 1,500. அந்த இரண்டு வருடமும் ஊருக்கு அனுப்புவது குறையும். கடன் கொடுத்தவரோடும் அக்காவோடும் இப்போதே கதைத்து வையுங்கள், படிப்புக்கு நடுவில் கதைத்தால் படிப்பு நிற்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால் தேதியைப் பாருங்கள். இணையத்தில் செய்த ஒப்பந்தம் என்பதால் பொதுவாக 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாள் தாண்டியிருந்தால் செட்-எஃப்-ஊ (தொலைக்கல்விப் படிப்புகளுக்கு அனுமதி தரும் அரசு அலுவலகம்) கொடுத்த அனுமதி எண் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆசிரியர் ஓரிடம் மாணவர் ஓரிடமாக நடந்து, படித்ததைத் திருத்தியும் பார்க்கும் கட்டணப் படிப்புக்கு அந்த அனுமதி வேண்டும் என்பது 1977இலிருந்து சட்டம். அனுமதியில்லாத ஒப்பந்தம் செல்லாது என்று 2025 ஜூனில் இங்கத்தைய உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. எண்ணைக் காணவில்லை என்றால் அடுத்த தவணையைக் கட்ட முன் ஒப்பந்தத்தை நுகர்வோர் ஆலோசனை நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால் எழுதுங்கள், சனிக்கிழமைகளில் எனக்கு நேரம் இருக்கிறது.