பட்டறை விளக்கைப் போட்டதும் ரேடியோ இரைகிறதா?

கேள்வி: என் மரவேலைப் பட்டறையில் பழைய ட்யூப்லைட் பட்டிகளிலேயே 4 அடி எல்இடி ட்யூப் எட்டு மாற்றிப் போட்டேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. ஆனால் சுவிட்சைப் போட்டதும் ரேடியோவில் மத்திய அலை முழுக்க ஒரே இரைச்சல். பண்பலையிலும் தொலைவில் உள்ள நிலையங்கள் கேட்பதில்லை. ரேடியோவின் மின் ஒயரில் ஃபெரைட் கிளிப் (இரைச்சலைத் தடுக்க ஒயரைக் கவ்வி நிற்கும் காந்தப்பொருள் உருளை) ஒன்று மாட்டிப் பார்த்தேன், எந்த மாற்றமும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரைச்சலை ரேடியோ பக்கம் தடுப்பதைவிட, விளக்கு பக்கம் தடுப்பதுதான் பலன் தரும். ஏன் என்று தெரிந்துகொண்டால் எதை எங்கே மாட்டுவது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

எல்இடி ட்யூபின் உள்ளே டிரைவர் என்ற சிறு மின்சுற்று இருக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி எல்இடிக்குக் கொடுப்பது அதன் வேலை. வெட்டும் வேகம் பெரும்பாலும் 40 முதல் 150 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஒவ்வொரு வெட்டும் கூர்மையான விளிம்போடு நடப்பதால், அந்த வேகத்தின் மடங்குகள் எல்லாவற்றிலும் இரைச்சல் எழுகிறது. டிரைவர் 60 கிலோஹெர்ட்ஸில் ஓடினால், மத்திய அலையில் முள்ளை நகர்த்தும்போது ஏறக்குறைய 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை இரைச்சல் ஏறி இறங்கும். எட்டு டிரைவர்கள் எட்டு வேகத்தில் ஓடினால் இடைவெளி எல்லாம் நிரம்பிவிடும். உங்களுக்கு அலைவரிசை முழுக்கக் கேட்பது அதனால்தான்.

இந்த இரைச்சல் காற்றில் பரவும் வழி மத்திய அலைக்கும் பண்பலைக்கும் வேறுவேறு. 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 300 மீட்டர். அதற்கு முன்னால் 1.2 மீட்டர் ட்யூப் மிகச் சிறியது, தன்னால் பெரிதாகப் பரப்ப முடியாது. இரைச்சல் மின் ஒயருக்குள் ஏறி, கூரையிலும் சுவரிலும் ஓடும் பல மீட்டர் ஒயரைத்தான் ஆன்டெனாவாக்கிக்கொள்கிறது. 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் வெறும் 3 மீட்டர், அங்கே 4 அடி ட்யூபே போதுமான ஆன்டெனா. ஆகவே மத்திய அலை இரைச்சலை ஒயரில் ஏறவிடாமல் தடுக்க வேண்டும். பண்பலை இரைச்சலுக்கு அதோடு ட்யூபின் தரமும் முக்கியம்.

முதலில் ஆளைக் கண்டுபிடியுங்கள்

பேட்டரியில் ஓடும் சிறு ரேடியோ ஒன்று போதும். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, அப்போது கேட்கும் அமைதியை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மெயினைப் போட்டு, பட்டறை விளக்குகள் அணைந்த நிலையில் கேளுங்கள். இப்போதே இரைச்சல் வந்தால் செல்போன் சார்ஜர், பேட்டரி சார்ஜர், இன்வெர்ட்டர் என்று வேறு ஏதோ ஒன்றும் கூட்டு சேர்ந்திருக்கிறது. அதை முதலில் விலக்குங்கள்.

அடுத்து ட்யூபுகளை எல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். மாட்டுவதும் கழற்றுவதும் சுவிட்சை அணைத்த பிறகுதான். எட்டில் இரண்டு மட்டும் கொடூரமாக இரைந்து, மற்றவை ஓரளவு அடங்கி இருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. ரேடியோவை ஒவ்வொரு பட்டிக்கும் 30 சென்டிமீட்டர் அருகே கொண்டுபோய், பிறகு சுவருக்குள் ஒயர் போகும் பாதையிலும் நகர்த்திப் பாருங்கள். ட்யூபிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளியும் ஒயர் ஓரமாக இரைச்சல் குறையாமல் வந்தால், ஒயர்தான் பரப்புகிறது என்பது உறுதி.

இன்னொரு சோதனையும் அவசியம். அதே விளக்குச் சுவிட்சில் பழைய இழை பல்பு ஒன்றைத் தற்காலிகமாக இணைத்துப் பாருங்கள். இழை பல்பு எந்த இரைச்சலும் எழுப்பாது. அதையும் மீறிக் கரகரப்பு வந்தால், சுவிட்சிலோ இணைப்பிலோ திருகு தளர்ந்து பொறி பறக்கிறது. அதை இரைச்சல் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்தாகப் பாருங்கள். உடனே சரிசெய்ய வேண்டியது அதுதான்.

பழைய பட்டிக்குள் என்ன மிச்சம் இருக்கிறது?

பட்டியைத் திறந்து பாருங்கள். எலக்ட்ரானிக் சோக் இன்னும் இணைப்பில் இருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மாற்றிகள் ஓடுகின்றன. எலக்ட்ரானிக் சோக் தானே 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் ஒன்று. நேரடி மின்சாரத்தில் ஓடும் வகை ட்யூபாக இருந்தால், சோக்கை முழுவதும் எடுத்துவிட்டு, ட்யூபின் மேல் அச்சிட்ட படத்தின்படி ஃபேஸையும் நியூட்ரலையும் இணையுங்கள். சில ட்யூபுகளுக்கு இரண்டும் ஒரே முனையில் வர வேண்டும், சிலவற்றுக்கு முனைக்கு ஒன்று. இதை மாற்றினால் ஷார்ட் ஆகும், ஊகித்து இணைக்காதீர்கள். சோக்கோடுதான் ஓடும் வகை என்றால் சோக்கை எடுக்க முடியாது, அந்த ட்யூபையே மாற்றுவது நல்லது. பழைய கனமான இரும்பு சோக் இருந்தால் இரைச்சலைப் பொறுத்தவரை அதனால் கெடுதல் இல்லை.

பட்டியின் தகரம் எர்த் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். எர்த் ஒயர் தொங்கிக்கொண்டிருக்கும் பட்டிகள் நிறைய உண்டு. தகரத்தைச் சுரண்டி, பெயின்ட் நீக்கி, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். பாதுகாப்புக்கே இது வேண்டும். இரைச்சலும் ஓரளவு குறையும்.

ஃபெரைட்: சுற்றுதான் கணக்கு

கிளிப் ஃபெரைட் வழியே ஒயர் ஒருமுறை போனால், 1 மெகாஹெர்ட்ஸில் அது தரும் தடை சில ஓமிலிருந்து சில பத்து ஓம் வரைதான். மத்திய அலை இரைச்சலுக்கு அது ஒரு தடையே இல்லை. பண்பலையில் அதே கிளிப் 100 முதல் 300 ஓம் தரும். கிளிப் வேலை செய்யவில்லை என்று நீங்கள் கண்டது இதனால்தான். அதோடு அதை ரேடியோ ஒயரில் மாட்டினீர்கள். பேட்டரியில் ஓடும்போதும் இரைச்சல் அதே அளவு இருந்தால், அது மின் ஒயர் வழியாக ரேடியோவுக்குள் வரவில்லை, காற்று வழியாக வருகிறது. அங்கே எத்தனை கிளிப் மாட்டினாலும் வீண்.

தடை, சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும். 12 சுற்று என்றால் 144 மடங்கு. 61 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 35 மில்லிமீட்டர் துளையும் உள்ள, 31 என்ற கலவை எண் கொண்ட வளையம் இதற்குப் பொருத்தமானது. அதில் 0.75 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் ஒயரை 12 சுற்று சுற்றினால் 1 மெகாஹெர்ட்ஸில் சுமார் 1,000 ஓம் கிடைக்கும். சுற்றுக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஒயர் போகும், வெட்டும்போதே கணக்கில் வையுங்கள். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் சேர்ந்த முழுக் கேபிளையே சுற்ற வேண்டும். அப்போது விளக்கின் மின்னோட்டம் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வளையம் காந்தத்தால் நிறைந்து தடுக்கும் திறனை இழக்காது. ஃபேஸை மட்டும் சுற்றினால் இரைச்சல் நியூட்ரல் வழியாகத் தப்பித்துவிடும்.

சுற்றுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் தொடாதபடி விரல் அகல இடைவெளி விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் சுற்றுகளுக்கு இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ் (அருகருகே உள்ள ஒயர்கள் சிறு கெப்பாசிட்டர் போல நடப்பது) வழியாக இரைச்சல் வளையத்தையே தாண்டிவிடும். 12 சுற்று வளையம் 100 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய பயனற்றுப்போவதும் இதே காரணத்தால்தான். எனவே பண்பலைக்காக, அதே கேபிளில் பட்டியை ஒட்டி ஒரு கிளிப் ஃபெரைட்டும் தனியாக மாட்டுங்கள், இரண்டு சுற்று போதும். வளையமும் பட்டியிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டிய ஒவ்வொரு அடி ஒயரும் ஆன்டெனாதான்.

ஃபில்டர் போடுவதானால்

ஃபெரைட் போதவில்லை என்றால் உலோகக் கூட்டில் வரும் மின் ஃபில்டர் வாங்கிப் பட்டிக்குள்ளேயே பொருத்தலாம். ஒரு ட்யூபுக்கு 1 ஆம்பியர் அளவே தாராளம். ஃபில்டரின் கூடு பட்டியின் தகரத்தோடு நேராக உலோகத்துக்கு உலோகம் ஒட்ட வேண்டும். உள்ளே வரும் ஒயரையும் வெளியே போகும் ஒயரையும் சேர்த்துக் கட்டினால் ஃபில்டர் போட்டதற்கே அர்த்தமில்லை, இரைச்சல் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடும்.

தனியாக கெப்பாசிட்டர் போடுபவர்கள் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகையைத்தான் போட வேண்டும். அதற்கு இணையாக 1 மெகாஓம் ரெசிஸ்டரும் வேண்டும், இல்லாவிட்டால் அணைத்த பிறகும் முனை ஷாக் அடிக்கும். ரெசிஸ்டரும் மின் இணைப்பு மின்னழுத்தத்தைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். 400 வோல்ட் டிசி என்று எழுதிய சாதாரண கெப்பாசிட்டர் இந்த இடத்தில் கூடவே கூடாது, ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். எர்த்துக்குப் போகும் கெப்பாசிட்டர் ஒய்2 வகை, 4.7 நானோஃபாரடுக்கு மேல் வேண்டாம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே 0.34 மில்லிஆம்பியர் கசியும். எட்டு பட்டிக்குச் சுமார் 2.7 மில்லிஆம்பியர். 30 மில்லிஆம்பியர் கசிவு பிரேக்கர் இதற்கு விழாது, ஆனால் அதே பிரேக்கரில் வேறு எந்திரங்களும் இருந்தால் அவற்றின் கசிவையும் கூட்டிப் பாருங்கள். எர்த் இல்லாத பட்டியில் இத்தகைய ஃபில்டர் போட்டால் தகரத்தில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம் நிற்கும், தொட்டால் சுரீர் என்னும். மங்கலாக்கும் டிம்மருக்குப் பின்னால் எக்ஸ்2 கெப்பாசிட்டரைப் போடாதீர்கள், டிம்மர் போய்விடும்.

எட்டுக்கும் சேர்த்து சுவிட்ச் பெட்டியருகே ஒரே ஃபில்டர் போடலாமா என்று தோன்றும். வீட்டுக்குள் இருக்கும் ரேடியோவைக் காப்பாற்ற அது உதவும். பட்டறைக்குள் இருக்கும் ரேடியோவுக்கு உதவாது, ஏனெனில் ஃபில்டருக்கும் ட்யூபுக்கும் நடுவிலுள்ள ஒயர் அப்படியே பரப்பிக்கொண்டிருக்கும்.

மாற்றிவிடுவது எப்போது?

இரண்டு மூன்று ட்யூப் மட்டுமே குற்றவாளி என்றால், அவற்றை மாற்றுவதே எளிது. பண்பலையிலும் கடுமையாக இரையும் ட்யூபுக்கு ஃபெரைட்டில் காசைப் போடுவதில் பொருளில்லை. அதன் டிரைவரைத் திறந்தால் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும்: மின்சாரம் நுழையும் இடத்தில் இரட்டைச் சுற்று காயிலும் சதுரமான எக்ஸ்2 கெப்பாசிட்டரும் இருக்க வேண்டும். மலிவான சிலவற்றில் போர்டில் அவற்றுக்கு இடம் விட்டிருப்பார்கள், காயில் இருக்க வேண்டிய இடத்தில் கம்பித் துண்டு இருக்கும்.

புதிதாக வாங்கும்போது, விளக்குகளின் இரைச்சலுக்கு வரம்பு வைக்கும் சிஸ்பிஆர் 15 தரத்துக்கு உட்பட்டது என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அச்சை மட்டும் நம்பாமல், ஒன்றே ஒன்று வாங்கி, ரேடியோவை ஒரு மீட்டரில் வைத்துச் சோதித்த பிறகு மற்றவற்றை வாங்குங்கள். புதுப் பட்டியே போடுவதானால், எர்த் முனையுள்ள உலோக உடலும் தனி டிரைவரும் கொண்டதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவர் தனியாக இருந்தால் பின்னாளில் அதை மட்டும் மாற்றலாம், வளையமும் ஃபில்டரும் பொருத்த இடமும் கிடைக்கும்.

இதற்கெல்லாம் பிறகும் பண்பலையில் மெல்லிய நிலையங்கள் தடுமாறினால், ஆன்டெனாவை வெளியே கொண்டுபோங்கள். 71 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கம்பிகள் எதிரெதிராக, நடுவிலிருந்து 75 ஓம் கோஆக்ஸியல் கேபிள், ரேடியோ முனையில் இரண்டு கிளிப் ஃபெரைட். மத்திய அலைக்கு ரேடியோவின் உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பிதான் ஆன்டெனா. ரேடியோவை விளக்கு ஒயர் போகும் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வைத்து, மெல்லத் திருப்பி, இரைச்சல் மிகக் குறையும் திசையில் நிறுத்துங்கள்.

பல மாதம் அமைதியாக இருந்த ட்யூப் ஒன்று திடீரென்று இரையத் தொடங்கினால், டிரைவருக்குள் கெப்பாசிட்டர் உலர்ந்துபோயிருக்கலாம் அல்லது ஹோல்டர் தளர்ந்திருக்கலாம். சுவிட்சை அணைத்து, ட்யூபைக் கழற்றி ஹோல்டர் முனைகள் கருகியிருக்கின்றனவா என்று பாருங்கள். கருகியிருந்தால் ஹோல்டரையும், சுத்தமாக இருந்தால் ட்யூபையும் மாற்றுங்கள்.