பஞ்சத்தில் கைகொடுத்த கசப்புக் கிழங்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஹவாய்த் தீவுகளில் காட்டுக்கொடியாகப் படரும் 'ஹோய்' கிழங்கை ஒரு நூல் நஞ்சு என்கிறது, இன்னொரு நூல் அத்தீவு மக்களின் உணவுப் பட்டியலில் சேர்க்கிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாலினீசியக் குடியேறிகள் தோணிகளில் கொண்டுவந்த வள்ளிக்கிழங்கு இனங்கள் மூன்று: உஹி, பிஅ, ஹோய். தாவரவியலார் 'டயாஸ்கோரியா பல்பிஃபெரா' என்று குறிக்கும் ஹோயின் இலைக்கணுக்களில் சிறு கிழங்குகள் காய்களைப் போலத் தொங்கும். அவை உதிர்ந்த இடத்திலேயே முளைத்துவிடுவதால், நட்டுப் பேணுவோர் இல்லாமலே அக்கொடி தாழ்நிலக் காடுகளில் பெருகியது. கவனிப்பாரின்றி வளர்ந்த இக்கிழங்கை மக்கள் தேடிச் சென்றது, சேப்பங்கிழங்கு முதலிய வழக்கமான விளைச்சல் பொய்த்த பஞ்ச காலத்தில்தான். அப்போதும் அதைப் பச்சையாக உண்ணவில்லை. துருவி, நீரில் திரும்பத் திரும்ப அலசி, வேகவைத்த பிறகே உண்டார்கள். அதிலுள்ள டயாஸ்பல்பின் என்னும் கசப்புச் சேர்மங்கள் கல்லீரலைத் தாக்கக்கூடியவை என்று இன்றைய வேதியியல் சொல்கிறது. பக்குவப்படுத்தும் முறையைக் கூறாமல் ஹோயை உணவு என்று மட்டும் எழுதும் நூல், என் கருத்தில், பாதி உண்மையைவிடக் குறைவாகவே சொல்கிறது.

கேள்வி: மூன்று கொடிகளும் காட்டில் கலந்து வளர்ந்தால் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: தண்டைப் பார்க்க வேண்டும். உஹியின் தண்டு நான்கு பட்டையாக, ஓரங்களில் மெல்லிய சிறகுகள் போன்ற விளிம்புகளோடு இருக்கும். ஹோயின் தண்டு உருண்டு வழவழப்பாக இருக்கும். பிஅ கொடியில் முட்கள் உண்டு. அதன் இலை மூன்று முதல் ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். கொடியில் கிழங்கு தொங்குகிறது என்பதை மட்டும் கொண்டு ஹோய் என்று முடிவுகட்டக் கூடாது. உஹியிலும் சில வேளை அவ்வாறு தொங்கும்.

கேள்வி: உஹி நல்ல உணவு என்றால், ஹவாய் மக்கள் ஏன் அதைச் சேப்பங்கிழங்கு அளவுக்குப் போற்றவில்லை?

பதில்: அன்றாட உணவான 'போய்' என்னும் கூழைச் சேப்பங்கிழங்கை இடித்துப் பிசைந்து செய்வார்கள், உதிரியான மாவுத்தன்மை கொண்ட உஹி அதற்கு ஏற்றதன்று. ஆனால் அறுத்தெடுத்த பின் நெடுநாள் கெடாமல் இருப்பது அதன் சிறப்பு. கடலோடிகள் அதையே விரும்பினார்கள். 1778ஆம் ஆண்டு ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் நீஹாவ் தீவில் வள்ளிக்கிழங்கு வாங்கி ஏற்றிக்கொண்டன. பின்னர் வந்த ஆங்கிலேய மாலுமிகள் அத்தீவின் விரிகுடா ஒன்றுக்கு வள்ளிக்கிழங்கின் பெயரையே சூட்டினார்கள்.