இருநூறு அடி

அன்புள்ள ஐயா,

பதினேழு வருடமாக பாஸ்டனில் இருக்கிறேன். அப்பா மட்டும் சென்னை வளசரவாக்கத்தில், வயது எழுபத்தெட்டு. போன மாதம் வந்தபோது ஆற்காடு சாலையைப் பார்த்து வயிறு எரிந்தது. மெட்ரோவுக்காக வருடக்கணக்கில் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். பேரிகேட், புழுதி. எதிர்ப்பக்க மருந்துக்கடைக்கு அப்பாவால் போக முடியவில்லை. இங்கே நகரத்தின் நடுவில் இருந்த நெடுஞ்சாலையை அப்படியே மண்ணுக்குள் இறக்கி, மேலே பூங்கா போட்டுவிட்டார்கள். நம் ஆட்களுக்கு ஏன் இது வருவதில்லை? குற்றம் இன்ஜினியர்களிடமா, அரசியலிடமா? சீனாவைப் பார்த்தாவது கற்றுக்கொள்ளக் கூடாதா? துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலையின் கதியைப் பார்த்த பிறகும் நமக்குப் பாடம் ஏறவில்லையே? மெட்ரோ வரும்வரை அப்பாவை அங்கேயே விடுவதா, தாம்பரத்தில் தங்கை வீட்டுக்கு மாற்றுவதா என்றும் குழப்பமாக இருக்கிறது.

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

அப்பாவும் மருந்துக்கடையும் வருகிற அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். சில நாட்களாக நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மற்றதைப் படித்தபோது கோபம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சீனாவை விடுங்கள், அது டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற பேச்சு. மதுரவாயலையும் விடுங்கள். 2009ல் அடிக்கல், 2012ல் நிறுத்தம், கூவத்துத் தூண்களில் பத்து வருடம் காக்கை உட்கார்ந்தது, 2022ல் மறுபடி ஓர் அடிக்கல். 1,800 கோடிச் சொச்சமாக இருந்த கணக்கு 5,800 கோடியைத் தொட்டது. அதில் படிப்பதற்கு அரசியலைத் தவிர ஒன்றுமில்லை.

ஆனால் பாஸ்டனை அப்படி விட முடியாது. நீங்கள் அங்கே போய் இறங்கியது எல்லாம் முடிந்த பிறகு. பந்தியில் உட்கார்ந்தவருக்கு அடுப்படியில் யார் கை வெந்தது என்று தெரியுமா? நீங்கள் சொல்லும் அந்தப் பழைய மேம்பாலச் சாலை 1959ல் முடிந்தது. அதற்காக வீட்டைவிட்டு எழுப்பப்பட்டவர்கள் சுமார் 20,000 பேர். அந்தத் தப்பைச் சரிசெய்யத்தான், சாலையை மண்ணுக்குள் இறக்கும் 'பிக் டிக்' திட்டம் வந்தது. 1982ல் 280 கோடி டாலர் என்று கணக்குப் போட்டார்கள், 1991ல் வேலையைத் தொடங்கினார்கள், 2007ல் முடித்தபோது 1,400 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதற்கு முந்தைய வருடம், ஜூலை 2006ல், சுரங்கத்தின் கூரைப் பலகை கழன்று ஓடுகிற கார்மேல் விழுந்து உள்ளே இருந்த ஒரு பெண் செத்துப்போனார். பலகையைத் தாங்கிய போல்ட்டுகள் பசையில் நின்றுகொண்டிருந்தன, பசை விட்டுவிட்டது. ஆக, நம் ஆட்களுக்கு மட்டும் வராத வித்தை என்று ஒன்றும் கிடையாது.

எனக்கு அந்தக் கூரையைவிட இன்னொன்றுதான் மனதில் தைக்கிறது. உங்கள் ஊரில் வடக்கு ஸ்டேஷன், தெற்கு ஸ்டேஷன் என்று இரண்டு இருக்கின்றன அல்லவா? நடுவில் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம். மெயின் என்ற வடக்கு மாநிலத்திலிருந்து ரயிலில் வருபவர் வடக்கில் இறங்க வேண்டும், நியூயார்க் ரயிலைப் பிடிக்கத் தெற்குக்குப் போக வேண்டும், மூட்டையைத் தூக்கிக்கொண்டு. நகரத்தையே தோண்டுகிறோமே, அந்தப் பள்ளத்திலேயே இரண்டையும் இணைத்து ஒரு ரயில் பாதையும் போட்டுவிடலாம் என்று யோசனை இருந்தது. செலவு அதிகம் என்று கைவிட்டார்கள். அத்தனை ஆயிரம் கோடி கொட்டினார்கள், அந்த ஒன்றரை கிலோமீட்டர் மட்டும் அப்படியே கிடக்கிறது. திட்டத்தை முன்னின்று தள்ளிய ஃபிரெட் சால்வூச்சி என்ற போக்குவரத்துச் செயலாளரின் பாட்டி வீடு முன்பு வேறொரு நெடுஞ்சாலைக்காகப் பறிபோனது. அதனால் இந்த முறை யார் வீட்டையும் இடிக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். பாட்டி வீட்டை மறக்காத மனிதர் இருந்தும் மூட்டை தூக்குகிறவருக்கு விடிவு வரவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் முழங்கால் ஞாபகம் வந்தது.

எங்கள் பறக்கும் ரயில் 1995 நவம்பரில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது, 1997ல் மயிலாப்பூர் வந்தது. 1983ல் 53 கோடி என்று போட்ட கணக்கு முடியும்போது 269 கோடி. பாருங்கள், இங்கேயும் அதே ஐந்தாம் வாய்ப்பாடு! ஊருக்குள் நிலம் எடுக்கும் தொல்லை வேண்டாமென்று பாதையை பக்கிங்ஹாம் கால்வாய் மேலேயே தூக்கி வைத்தார்கள். (தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களை விட்டு வெட்டி இணைத்த கால்வாய் அது. அதற்குள்ளேயே தூண் இறக்கினார்கள். அந்த வயிற்றெரிச்சலைத் தனியாக எழுத வேண்டும்.) நிலம் எங்கே சுலபமோ அங்கே ஸ்டேஷன் நின்றது. ஜனங்கள் வேறெங்கோ நின்றார்கள்.

1999 இருக்கும். அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்ல வேண்டாம். ரயில் நன்றாகத்தான் இருந்தது, ஜன்னல் வழியே கடல்காற்று, அம்மாவுக்குக் குஷி. இறங்கிய பிறகுதான் வினை. எஸ்கலேட்டருக்கு இடம் விட்டிருந்தார்கள், எஸ்கலேட்டர் இல்லை. கோயில் படியானாலும் வீட்டுப் படியானாலும் எண்ணிக்கொண்டே இறங்குவது அம்மாவின் வழக்கம். நாற்பதில் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து எண்ணினாள். கீழே கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கூடம், ஒரே ஒரு டியூப்லைட், தூணோரம் ஒரு நாய். வெளியே வந்தால் கால்வாய் நாற்றம், கொசு, சேறு. பஸ் நிற்கும் சாலை கண்ணுக்குத் தெரிகிறது, இருநூறு அடிகூட இருக்காது, ஆனால் நடுவில் நடைபாதை கிடையாது, விளக்கு கிடையாது. ஆட்டோக்காரர் கேட்டது ரயில் டிக்கெட்டைப்போலப் பத்து மடங்கு. அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பழநி மலை ஏறினா மேல சாமியாவது இருக்கும்டா."

அப்புறம் சாகும்வரை அந்த ரயிலில் அவள் ஏறவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்ஜினியரா, அரசியலா? தம்பி, அந்த ஸ்டேஷனில் எந்தத் தூணும் சாயவில்லை. இன்ஜினியர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார். அந்த இருநூறு அடி யாருடையது என்பதுதான் கேள்வி. சுவரோடு எங்கள் எல்லை முடிந்தது என்று ரயில்வே சொல்லும். விளக்கும் நடைபாதையும் மாநகராட்சியுடையது. நிறுத்தம் பஸ் கழகத்துடையது. நடைபாதை நடுவே பெட்டி வைப்பது மின்வாரியம், மூடியைத் திறந்து வைப்பது குடிநீர் வாரியம். எல்லோரும் தங்கள் வேலையை முடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். முழங்கால் யார் கோப்பிலும் இல்லை. புறநகர் ரயிலின் பார்க் ஸ்டேஷனும் பறக்கும் ரயிலின் பார்க் டவுன் ஸ்டேஷனும் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்ட வெறும் 5 கிலோமீட்டர், 2008ல் தொடங்கினார்கள், ஆதம்பாக்கத்தில் கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்காகப் பத்து வருடத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றது. இவர்களையெல்லாம் ஒரு மேசையில் உட்கார வைக்க 'கும்டா' என்று ஒரு குழுமத்துக்கு 2010ல் சட்டம் போட்டார்கள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் வந்தது 2025ல். பதினைந்து வருடம், ஒரு டிக்கெட்டுக்கு!

அதனால் ஆற்காடு சாலையில் தோண்டுகிறார்களே என்று எனக்கு வருத்தமில்லை. இரண்டு மெட்ரோ பாதைகளை ஒரே தூணில் அடுக்கடுக்காக நிறுத்துகிற வேலை அது, பார்க்கவே அழகு. தோண்டி மூடிய பிறகு நடைபாதையை யார் போடப்போகிறார், லிஃப்ட் சாலையின் எந்தப் பக்கத்தில் திறக்கிறது, பஸ் எங்கே நிற்கும் என்பதுதான் என் கவலை. பூங்கா வேண்டும் என்கிறீர்கள். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது பூங்கா இல்லையே, எதிர்ப்பக்கக் கடைதானே?

அவரை மாற்றுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டால் எப்படி? அவரிடம் கேட்டீர்களா? இவ்வளவு நீளக் கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. அடுத்த முறை வரும்போது வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் படிவரை அவரோடு கூட நடந்து பாருங்கள், முன்னால் போகாதீர்கள். எங்கெங்கே நிற்கிறார், எதைப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அதுவரை மருந்துக்கடைக்காரரின் போன் நம்பரை வாங்கி அப்பாவின் போனில் போட்டு வையுங்கள். மாதாமாதம் வாங்குகிறவர் என்றால் பையனிடம் கொடுத்தனுப்புவார்கள்.