அந்தச் சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள்

கேள்வி: என் மகள் யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் முதலாம் வருடம். கணவர் மேசன் வேலை, மாதத்தில் பாதி நாள் வேலை இருந்தாலே பெரிய விஷயம். மகன் பள்ளிக்கூடம் போகிறான். மகளுக்கு மகாபொல உதவித்தொகையும் இல்லை, பேர்சரி உதவிப்பணமும் இல்லை. மாடி வீடும் லொறியும் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் பொடியனுக்கு மகாபொல கிடைத்திருக்கிறது. எங்களுக்கும் அவர்களுக்கும் வேலிப் பிரச்சினை, விதானையார் (கிராம அலுவலர்) அவர்கள் பக்கம். இப்போது யாரோ போட்ட பெட்டிசத்தால் (முறைப்பாட்டுக் கடிதத்தால்) எங்கள் வருமானத்துக்கு விளக்கம் கேட்டுப் பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கனடாவில் இருக்கும் தம்பி மாதாமாதம் என் வங்கிக் கணக்குக்குக் காசு போடுவான். அது வீட்டுக் கடனுக்கே சரி என்பதால் உதவித்தொகைப் படிவத்தில் போடவில்லை. வெளியிலிருந்து ஒருவரும் உதவுவதில்லை என்று மகளும் நானும் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் பிரச்சினை முடிந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். விதானையார் மீதும் பக்கத்து வீட்டார் மீதும் வழக்குப் போடலாமா? – ஒரு தாய், கோப்பாய்

பதில்: அம்மா, உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் மாடி வீடும் லொறியும் உங்கள் மகளின் விண்ணப்பத்துக்கு எந்த விதத்திலும் உதவாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிழையாகவே கொடுத்திருந்தாலும், அதனால் உங்கள் பிள்ளைக்கு ஓர் உரிமை பிறக்காது. இன்னொருவருக்குச் சட்டத்துக்கு மாறாகக் கிடைத்ததைக் காட்டி எனக்கும் தாருங்கள் என்று கேட்பதை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. வேலிப் பிரச்சினையை மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோங்கள். இதோடு கலக்க வேண்டாம்.

சட்டப்படி இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். தம்பியின் காசைப் படிவத்தில் போடவில்லை. நீங்கள் பெரிதாக எண்ணாமல் எழுதியிருக்கும் அந்த வரிதான் முழு விஷயமும். விதானையார் உறுதிப்படுத்தினாலும், பிரதேச செயலாளர் மேலொப்பம் வைத்தாலும், விபரம் கொடுத்தது உங்கள் வீடு, விண்ணப்பதாரி உங்கள் மகள். கடன் கட்டுவது செலவு. செலவு இருக்கிறது என்பதற்காக வந்த காசு வரவில்லை என்று ஆகாது. அது வந்தது உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு, மாதாமாதம், வங்கியில் பதிவோடு.

இன்றைய நிலையில் இது ஒரு விடுபடல். விளக்கம் சொல்லலாம், திருத்தலாம். தம்பி தன் விருப்பத்துக்கு அனுப்புவது குடும்ப வருமானத்தில் சேருமா என்று வாதிடவும் இடம் உண்டு. நீங்கள் சொல்லும் சத்தியக்கடதாசி போனால் இந்த வழிகள் எல்லாம் அடைபட்டுவிடும். தெரிந்தே சொன்ன பொய்யைச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்ததாகிவிடும். அது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். அதில் மகளின் கையெழுத்தும் இருக்கப்போகிறது. பதினெட்டு வயது தாண்டிய பிள்ளை, அம்மா சொல்லித்தான் வைத்தேன் என்று பிறகு சொல்லித் தப்ப முடியாது.

இந்தக் கிடங்கில் கட்சிக்காரர்கள் விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கந்தோரடியில் தட்டச்சு செய்து கொடுப்பவரிடம் ஒரு வாசகம் ஆயத்தமாக இருக்கும்: "வேறு எவரிடமிருந்தும் எவ்வித வருமானமும் பெறவில்லை." பெயரை மட்டும் மாற்றித் தருவார். சமாதான நீதவான் முத்திரை குத்துவார். அந்த முத்திரை நீங்கள் எழுதியதை உண்மையாக்காது. நீங்கள்தான் அவர் முன்னால் கையெழுத்து வைத்தீர்கள் என்பதற்கு மட்டும் அது அத்தாட்சி. நாளை அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. தம்பி காசு அனுப்புவது பெட்டிசம் போட்டவருக்குத் தெரியும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன், எங்கள் ஊரில் இது மறைகிற விஷயம் இல்லை. நீங்கள் மறுத்த கையோடு அடுத்த பெட்டிசம் போகும். அப்புறம் விசாரணை உதவித்தொகையைப் பற்றியதாக இருக்காது, பிள்ளையின் நேர்மையைப் பற்றியதாக மாறிவிடும். பல்கலைக்கழகத்தில் ஒழுக்காற்று விசாரணை வரலாம். படித்து முடித்து அரச நியமனத்துக்குப் போகும்போது பழைய கோவை எழும்பி வரலாம். 2025 வரவுசெலவுத் திட்டம் பேர்சரியை 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆகவும், மகாபொலவை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும் கூட்டியது. உங்கள் வீட்டுக்கு அது பெரிய காசுதான். ஆனாலும் அதற்காகப் பிள்ளையின் பெயரைப் பணயம் வைக்கக் கூடாது.

வழக்கு? வேண்டாம். அடிப்படை உரிமை மனு என்றால் கொழும்பில் உயர் நீதிமன்றம், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள். மந்திரிக்கும் எம்.பி.க்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நாட்களை அந்த மாதத்திலிருந்து கழிக்க மாட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்துக்கு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் விலக்குத் தருகிறது. ஆனால் வெறுமனே முறைப்பாடு கொடுத்த துண்டைக் காட்டினால் போதாது. அதிகாரிகளின் முடிவுக்கு எதிராக எழுத்தாணை (ரிட்) கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் போவதும் கொழும்புப் பயணம்தான். இந்த இரண்டு நீதிமன்றமும் முதலில் பார்ப்பது, கேட்டு வந்தவர் எல்லா உண்மையையும் சொல்லியிருக்கிறாரா என்பதை. தம்பியின் காசை மறைத்த மனு அந்தக் காரணத்துக்காகவே தள்ளுபடியாகும். நீங்கள் கட்டப்போகும் லோயர் பீசுக்கு மகளின் பல மாத உதவித்தொகையும் காணாது.

சரி, செய்யக்கூடியது என்ன? உண்மையை எழுதிக் கொடுங்கள். தம்பி எப்போதிருந்து, எவ்வளவு, எதற்கு அனுப்புகிறார் என்று அவரிடமே ஒரு கடிதம் வாங்குங்கள். ஒரு வருட வங்கிக் கூற்றையும், வீட்டுக் கடன் கட்டும் பற்றுச்சீட்டுகளையும், மகன் படிப்பதற்குப் பாடசாலைக் கடிதத்தையும் சேருங்கள். படிக்கும் சகோதரர் இருப்பது கணக்கில் எடுக்கப்படும் விஷயம், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலில் ஏன் போடவில்லை என்பதற்குக் கதை கட்டாமல், கடனுக்குப் போகிற காசு என்பதால் வருமானம் இல்லை என்று நினைத்தோம் என்றே எழுதுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் மாணவர் விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரியிடம் போய்த் திருத்திய விபரத்தைக் கொடுத்து, மறுபரிசீலனை கேளுங்கள். மகாபொல கைவிட்டுப் போனாலும் பேர்சரிக்கு இடமிருந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பிடிவாதம் பிடித்து இரண்டையும் இழக்க வேண்டாம்.

மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தரவில்லை என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மகளின் பெயரில் விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் கோவையை மட்டும் கேளுங்கள். பக்கத்து வீட்டாரின் வருமானம் அவர்களின் தனிப்பட்ட தகவல், தரமாட்டார்கள்.

விதானையாரோடும் சமாதானமாகப் போங்கள். அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. திருத்திய வருமானத்தையும் அவர்தான் உறுதிப்படுத்த வேண்டும், இன்னும் மூன்று வருடமாவது அவர் கையெழுத்து உங்களுக்குத் தேவைப்படும். அவருக்கு எதிராக முறைப்பாடு எதையும் அனுப்பாதீர்கள்.

பிரதேச செயலகக் கடிதத்தில் பதில் கொடுக்க வேண்டிய திகதி போட்டிருக்கும், பாருங்கள். அதற்குள் ஆவணம் சேர்க்க முடியாவிட்டால், அவகாசம் கேட்டு நாளைக்கே ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.