அட்டையில் ‘ஆப்டோமெட்ரி’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: டெல்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறோம். மகள் ப்ளஸ் டூ, சிபிஎஸ்இ. எய்ம்ஸில் ஆப்டோமெட்ரி, அதாவது பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி, லென்ஸ் தரும் படிப்பு, படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ஆன்லைனில் ‘ஆப்டோமெட்ரி நுழைவுத்தேர்வு முழு கிட்’ என்று ஒன்று விற்கிறார்கள். ஒன்பது புத்தகம், ஒரு பென் டிரைவ், டெஸ்ட் சீரிஸ் எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். “பழைய கேள்வித்தாள் அத்தனையும் இருக்கிறது, நூற்றுக்கு நூறு செலக்‌ஷன், இன்றைக்கே கட்டினால் பாதி விலை” என்று போனில் விடாமல் பேசுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பாதி விலைக்கும் வேண்டாம்.

முதலில் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆப்டோமெட்ரிக்காக எழுத வேண்டிய எய்ம்ஸின் பாராமெடிக்கல் நுழைவுத்தேர்வில் 90 கேள்வி, 90 நிமிடம். இயற்பியல் 30, வேதியியல் 30, உயிரியல் அல்லது கணிதம் 30. சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தப்பானால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உங்கள் மகள் எழுதும் ஆண்டின் ப்ராஸ்பெக்டஸ் எய்ம்ஸ் தேர்வுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதை இறக்கி இதையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் ஆப்டோமெட்ரி எங்கே இருக்கிறது? கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, விழித்திரை நோய்கள் எல்லாம் சேர்ந்த பிறகு நான்கு வருடம் கற்றுக்கொடுக்கும் பாடங்கள். கேட்பது ப்ளஸ் டூ பாடத்தைத்தான். ஒன்பது புத்தகத்தில் நான்கு கண்ணைப் பற்றி என்றால், அந்த நான்கும் இப்போதைக்குத் தேவையில்லாத சுமை. மீதி ஐந்தும் பெரும்பாலும் நீட் கைடுகளுக்கு வேறு அட்டை போட்டவை.

‘பழைய கேள்வித்தாள் அத்தனையும்’ என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். எய்ம்ஸ் தன் கேள்வித்தாளை வெளியிடும் வழக்கமில்லை. எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து சொன்னதைத் தொகுத்துத்தான் புத்தகமாக்குகிறார்கள். எந்த மாதிரி கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது உதவும், ஆனால் அதில் இருக்கும் விடைக்கு யாரும் பொறுப்பில்லை. ‘நூற்றுக்கு நூறு’ என்பது இன்னும் மோசம். கோச்சிங் விளம்பரங்களுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், தேர்ச்சி பற்றியும் ரேங்க் பற்றியும் பொய்யாகச் சொல்லி ஆள் பிடிப்பதைத் தடை செய்திருக்கிறார்கள். அந்த வாக்குறுதியை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். போன் தானாக நின்றுவிடும்.

சரி, எதை வாங்குவது? என்சிஇஆர்டி புத்தகங்கள். 11, 12 இரண்டுக்கும் சேர்த்து இயற்பியல் நான்கு, வேதியியல் நான்கு, உயிரியல் இரண்டு. சிபிஎஸ்இ பிள்ளை என்பதால் பாதிக்கு மேல் வீட்டிலேயே இருக்கும். குறைவதை மட்டும் வாங்குங்கள். 9 முதல் 12 வரையான புத்தகங்களுக்கு 20 சதவீத விலைக்குறைப்பை 2024 டிசம்பரில் என்சிஇஆர்டி அறிவித்தது. அதனால் பழைய விலை அச்சான பிரதியை யாராவது தள்ளுபடி என்று நீட்டினால், புதிய விலையோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். டெல்லியில் போலிப் பிரதிகள் நிறைய. அசல் புத்தகத்தின் உள்பக்கத்தில் ‘80 ஜிஎஸ்எம் தாளில், என்சிஇஆர்டி நீர்க்குறியுடன்’ அச்சிட்டது என்று இருக்கும். ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நீர்க்குறி தெரியும். போலியில் தாள் மெல்லியதாக இருக்கும், படங்களும் எழுத்துகளும் மங்கலாக இருக்கும். வேதியியல் சமன்பாட்டில் கீழே வரும் குட்டி எண் தெளியாமல் போனால் பிள்ளை தப்பாகப் படித்துவிடும். சேமித்த முப்பது ரூபாய்க்கு அது கட்டுப்படியாகாது.

அப்புறம், பாடத்துக்கு ஒரு கொஸ்டின் பேங்க். ஒன்றே ஒன்று. எது என்று பெயர் சொல்ல மாட்டேன், கடையில் நின்றே தேர்ந்தெடுக்கும் வழியைச் சொல்கிறேன். ஒளியியல் அத்தியாயத்தைத் திறக்கச் சொல்லுங்கள். கிட்டப்பார்வைக் கணக்கு ஒன்று கட்டாயம் இருக்கும்: ஒருவருக்கு 50 செ.மீ. தூரத்துக்கு மேல் தெளிவாகத் தெரியவில்லை, எந்த லென்ஸ் வேண்டும்? குழிலென்ஸ், மைனஸ் 2 டையாப்டர். குவியத்தூரம் மைனஸ் அரை மீட்டர், அதன் தலைகீழிதான் திறன். நல்ல புத்தகம் அந்த மைனஸ் ஏன் வந்தது என்று இரண்டு வரியில் விளக்கும். சுமாரான புத்தகம் ‘விடை (இ)’ என்று மட்டும் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். மோசமான புத்தகத்தில் ப்ளஸ் 2 என்று இருக்கும். இப்படி மூன்று அத்தியாயத்தில் மூன்று கணக்கு பாருங்கள். பத்து நிமிடம்கூட ஆகாது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. மகள் உயிரியலுக்குப் பதில் கணிதம் எழுதுவதாக இருந்தால் நீட் புத்தகம் அந்தப் பகுதிக்கு உதவாது. தேர்வுக்கென்று விற்கும் தொகுப்புகள் பெரும்பாலும் உயிரியலை மட்டுமே வைத்துக்கொண்டு வருகின்றன.

டெஸ்ட் சீரிஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தப்பான விடைக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள்? நீட்டில் நான்கு மதிப்பெண்ணுக்கு ஒன்று, அதாவது கால் பங்கு. எய்ம்ஸில் மூன்றில் ஒன்று. நான்கு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் அடித்தால் நீட் கணக்கில் சராசரியாகக் கொஞ்சம் லாபம் வரும், இங்கே வராது. ஒரு விடையையாவது தள்ள முடிந்தால்தான் அடிக்க வேண்டும். நீட் கணக்கில் மதிப்பெண் போடும் மாக் டெஸ்ட் இந்தத் தேர்வுக்குத் தப்பான பழக்கத்தைத்தான் கொடுக்கும்.

கேள்வி: நான் மயூர் விஹாரில் இருக்கும் மாணவன். ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகச் சந்தையில் வாங்கினால் போதும் என்கிறார் அண்ணன். பழைய பதிப்பு வாங்கலாமா? சீனியர்களின் ஜெராக்ஸ் நோட்ஸும் விற்கிறார்கள்.

பதில்: வாங்கலாம் தம்பி. தர்யாகஞ்ச் நடைபாதையில் இருந்த அந்தச் சந்தை 2019ல் அசஃப் அலி சாலை மகிளா ஹாட்டுக்குள் போய்விட்டது. டெல்லி கேட் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். பாடப்புத்தகக் கடைத்தெருவான நயி சடக் ஞாயிறன்று மூடியிருக்கும், அதற்கு வார நாளில் சாவ்ரி பஜார் வழியாகப் போ.

கொஸ்டின் பேங்க் நான்கைந்து வருடம் பழையதாக இருந்தாலும் கெட்டுப்போகாது. நியூட்டன் விதி மாறவில்லை. விடைகளைப் பேனாவில் வட்டம் போட்டிருக்கும் பிரதியை மட்டும் தொடாதே. கண் தானாக அங்கேதான் போகும், பிறகு பயிற்சி எங்கே?

என்சிஇஆர்டி விஷயத்தில் பழையதும் புதியதும் ஒன்றல்ல. 2022ல் செய்த பாடக்குறைப்பில் 12ஆம் வகுப்பு வேதியியலில் திடநிலை, புறப்பரப்பு வேதியியல், பாலிமர் போன்ற அத்தியாயங்கள் போய்விட்டன. 11ஆம் வகுப்பு உயிரியலில் நரம்பு மண்டலப் பாடத்தின் கடைசியில் இருந்த கண், காது பகுதியும் போய்விட்டது. கண்ணைப் படிக்கப் போகிறவனுக்குக் கண் பாடம் இல்லாத புத்தகம்! ஆகவே அந்த ஒரு புத்தகத்தை மட்டும் பழைய பதிப்பில் தேடி வாங்கு. அதோடு 10ஆம் வகுப்பு அறிவியலில் மனிதக் கண் பற்றிய அத்தியாயத்தைத் திரும்பப் படித்துவிடு. மற்றவை புதிய பதிப்பே போதும்.

ஜெராக்ஸ் நோட்ஸ் எழுதியவனுக்குத்தான் புரியும். 2016ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஜெராக்ஸை அனுமதித்துவிட்டது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு பல்கலைக்கழக வகுப்புக்கான பாடத்தொகுப்பைப் பற்றியது. முழு கைடையும் நகலெடுத்து விற்பதற்கு அதில் இடமில்லை.

கேள்வி: கரோல் பாகிலிருந்து எழுதுகிறேன். என் மச்சினர் மகன் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அமெரிக்காவில் ஆப்டோமெட்ரி படிக்க ஓஏடி என்ற நுழைவுத்தேர்வு எழுதப்போகிறான். இங்கே கிடைக்கும் நீட் புத்தகங்கள் போதுமா? வெளிநாட்டு கைடுகள் கொள்ளை விலை.

பதில்: பாதிக்குப் பாதி. ஓஏடியில் இயற்கை அறிவியல் பகுதிக்கு 90 நிமிடத்தில் 100 கேள்வி: உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30. இயற்பியல் தனியாக, 50 நிமிடத்தில் 40 கேள்வி. அதற்குமேல் வாசிப்புப் பகுதியும் கணிதத் திறன் பகுதியும் உண்டு. இயற்பியலுக்கும் பொது வேதியியலுக்கும் அவனிடம் இருக்கும் இந்தியப் புத்தகங்கள் தாராளமாகப் போதும். கரிம வேதியியல் கல்லூரித் தரம், அதற்கு பி.எஸ்ஸி. பாடப்புத்தகத்தைத் தூசி தட்டச் சொல்லுங்கள். பணம் செலவழிக்க வேண்டியது வாசிப்புப் பகுதிக்கும், தேர்வை நடத்தும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே விற்கும் மாதிரித் தேர்வுக்கும்தான். கண் படிப்புக்குப் பல் சங்கம் எதற்கு என்று கேட்காதீர்கள், ஏற்பாடு அப்படி. தேர்வு வழிகாட்டி அவர்கள் தளத்தில் இலவசம். இதில் தப்புக்குக் கழிப்பதில்லை, எதையும் காலியாக விடக் கூடாது. எய்ம்ஸ் மாக் டெஸ்ட் எழுதிப் பழகியவன் என்றால் இதை இரண்டு தடவை சொல்லுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய கைடில் 32 பக்கம் காணவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே இருக்கிறது, மாற்றித் தர மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டம் மாறாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் உண்டு. மனம் மாறிவிட்டது என்பதற்கு இது பொருந்தாது, பக்கம் இல்லை என்பதற்குப் பொருந்தும். காணாமல் போன இடத்தில் இரண்டு பக்க எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, பில்லுக்கு ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே கொடுக்கலாம். பெரும்பாலும் 1915 என்ற எண்ணைச் சொன்னதுமே வேறு பிரதி வந்துவிடும். வாங்கும்போது அந்த 32 பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். அதே அச்சு லாட்டில் வந்ததாக இருந்தால் அதிலும் இருக்காது.