வாசகர் கேள்விகள்: ஷிக் சோதனையும் லண்டன் பிள்ளைகளும்

கேள்வி: 1930-களில் லண்டனில் தொண்டை அடைப்பான் தடுப்பூசிக்கு முன்பு பிள்ளைகளின் இரு கைகளிலும் சோதனை ஊசி போட்டார்களாமே. ஒரு கை போதாதா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: போதாது. அது பிள்ளைக்கு ஏற்கெனவே பாதுகாப்பு உண்டா என்று பார்க்க, குழந்தை மருத்துவர் பேலா ஷிக் 1913-இல் வெளியிட்ட சோதனை. முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள்ளேயே, மிகவும் நீர்த்த டிப்தீரியா (தொண்டை அடைப்பான்) கிருமியின் நச்சு 0.2 மி.லி. ஏற்றுவார்கள். போட்ட இடம் கொசு கடித்ததுபோல் வெளுத்து உப்ப வேண்டும்; ஊசி தோலைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால் சோதனை வீண். இரத்தத்தில் அந்த நச்சை முறிக்கும் எதிர்நச்சு போதிய அளவு இருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லையென்றால் சிவக்கும்.

சிக்கல் இங்கேதான். கிருமி வளர்த்த குழம்பிலிருந்து எடுத்த நச்சு என்பதால் அதில் புரதங்களும் கலந்திருக்கும். வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அவையே ஒவ்வாமல் சிவக்கும். அதனால் மறு கையில் அதே திரவத்தை, சூடாக்கி நச்சுத்தன்மையை நீக்கிப் போட்டார்கள். இரு கையும் சிவந்து நாலாம் நாளுக்குள் ஒன்றுபோல் மங்கினால் அது புரதத்தின் வேலை. பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டு. நச்சுக் கை மட்டும் சிவந்து, பிறகு பழுப்பேறித் தோல் உரிந்தால் பாதுகாப்பு இல்லை. இரண்டும் சிவந்து நச்சுக் கை மட்டும் மங்காமல் நின்றாலும் அதே முடிவுதான். இரண்டாம் நாளே பார்த்துவிட்டு எழுதினால் தப்பாகும். நாலு முதல் ஏழு நாளுக்குள் இன்னொரு முறை பார்த்தே தீரவேண்டும்.

கேள்வி: தடுப்பூசி 1920-களிலேயே வந்துவிட்டதே, பிறகும் ஏன் அத்தனை சாவு? (மதுரை வாசகர்)

பதில்: ஃபார்மலின் கொண்டு நச்சை முறித்த டாக்ஸாய்டு என்னும் தடுப்பூசி மருந்தைப் பிரெஞ்சு விஞ்ஞானி ரமோன் 1923-இல் உருவாக்கினார். கனடா நகரங்கள் சீக்கிரமே பிடித்துக்கொண்டன. பிரிட்டனிலோ போடுவதா வேண்டாமா என்பதை அந்தந்த உள்ளாட்சியே முடிவு செய்தது. நோயாளியைக் காய்ச்சல் மருத்துவமனையில் ஒதுக்கிவைத்தால் போதும் என்ற நம்பிக்கைதான் பெரிய தடை என்பது எங்கள் கருத்து. தொண்டையில் கிருமியோடு நலமாகத் திரியும் பிள்ளையை எந்த மருத்துவமனை பிடித்துப்போகும்?

பயத்துக்கும் காரணம் இருந்தது. 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் ஊசி போட்ட 12 பிள்ளைகள் இறந்தார்கள். குற்றம் நச்சில் இல்லை. பலருக்குப் பல நாள் எடுத்த ஒரே புட்டி, கிருமிநாசினி கலக்காதது, கோடை வெயில். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி உள்ளே வளர்ந்துவிட்டது.

1940 இறுதியில்தான் பிரிட்டனில் நாடு தழுவிய இலவச ஊசி இயக்கம் தொடங்கியது. அந்த ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸில் இறந்தவர்கள் சுமார் 2,480, 1950-இல் 49.

கேள்வி: அந்தக் காலத்தில் ஏழைப் பேட்டைகளில் சுகாதாரத்தை எப்படிப் பரப்பினார்கள்? (காரைக்குடி வாசகர்)

பதில்: லண்டனின் பெர்மண்ட்சி நல்ல உதாரணம். அங்கே நகராட்சிச் சுகாதாரத் துறையினரே ஊமைப்படம் எடுத்து, வண்டியில் கொண்டுபோய்த் தெருவில் காட்டினார்கள். புரொஜெக்டருக்கு மின்சாரம் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து. விளக்கம் சொல்லத் துறையின் ஆள் ஒருவர் கூடவே நிற்பார்.